சாகச் சொல்லியும் சாகாதவை

சாக வேண்டிய செல்கள் சாகவில்லை. தகராறு அங்கேதான் தொடங்கியது.

திருப்பதியில், பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்த ஆய்வுக்கூடத்தில், பத்மினி நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டவைத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கரைசல், அதன்மேல் ஒரு சொட்டு நீலச் சாயம். செத்த செல் கேள்வி கேட்காமல் சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். உயிருள்ள செல் சாயத்தை வாசலிலேயே நிறுத்தி, ‘வேற வீடு பாரு’ என்று அனுப்பிவிட்டுப் பளிச்சென்று நிற்கும். இந்தத் தட்டில் எல்லாமே நீலமாகியிருக்க வேண்டும். பார்த்தால் பாதிக்கு மேல் பளிச்சென்று நின்றன. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்துகொண்டவர்களைப் போல.

விஷயம் தெரியாதவர்களுக்கு: எலிக்கும் சரி, நமக்கும் சரி, நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. நோயோடு சண்டை போடுகிற வெள்ளையணுக்களில் ஒரு வகை வளர்ந்து ஆளாவது அங்கேதான். ஆளாவது என்றால் சும்மா இல்லை. பத்மினி அதைத் தன் ஊர்ப் பலமனேர் மாட்டுச் சந்தையாகத்தான் மனத்தில் வைத்திருந்தாள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், வாலை முறுக்கிப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். பெரும்பாலானவை தேறாது. தேறாத மாடாவது வீட்டுக்குத் திரும்பும். தேறாத செல் அங்கேயே செத்துப்போகும். அதிலும் வேடிக்கை, அதை யாரும் கொல்வதில்லை. ‘நீ இரு’ என்று வெளியிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வது என்றால் வாயால் இல்லை. அக்கம்பக்கத்துச் செல்கள் கண்ணுக்குத் தெரியாத புரதத் துணுக்குகளைக் கசியவிடும். அது வந்து இந்தச் செல்லின் மேல்தோலில் இருக்கிற கையைப் பிடித்து அழுத்தும். பிடி விட்டுப்போனால், செல் தன்னைத்தானே துண்டு துண்டாக நறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும்.

கையைப் பிடித்து அழுத்தும் சேதி பத்மினிக்குப் புதிதில்லை. அவளுடைய நைனா வீராசாமி பலமனேர் சந்தையில் மாட்டுத் தரகர். வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் தன் தோள்துண்டுக்குள் மாறி மாறிப் பிடித்து, விரலை அழுத்தி விலை பேசுவார். சுற்றி நிற்கும் நூறு பேருக்கு முகம் மட்டும் தெரியும், விலை தெரியாது. துண்டுக்குள் விரல் மடங்கிவிட்டால் பேரம் முடிந்தது. அதற்குமேல் தேவனே வந்தாலும் மாற்றமில்லை. அபூர்வமாகப் பேரத்தை முறிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரே ஒரு வழி. தரகன் எல்லார் முன்னாலும் துண்டை எடுத்து உதற வேண்டும். துண்டை உதறின தரகனைச் சந்தையில் வருஷம் பூராவும் கிண்டல் செய்வார்கள். வீராசாமி அதுவரை உதறியதில்லை.

“முழுசா எடுத்தியாம்மா?”

பின்னாலிருந்து பேராசிரியர் ஜெயச்சந்திரனின் குரல். சித்தூர் எண்ணெய் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் படித்து, வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பத்திரிகையெல்லாம் எழுதிய வருஷத்தில் அதே கதவு வழியாக உள்ளே வந்தவர். அவர் வந்த நாளிலிருந்து மற்றவர்களெல்லாம் அதே கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பாதி நாற்காலி காலி. சிலர் அமெரிக்கா, சிலர் எலியை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கற்க ஐதராபாத்.

“எடுத்தேன் சார். பழைய மீடியத்தை எடுத்துட்டுத்தான் புதுசு ஊத்தினேன்.”

“அப்ப எப்படி உயிரோட இருக்கு? நம்ம மருந்து ஒரு சொட்டுகூடப் போடாத தட்டு இது. எங்க, என் எதிர்ல ஒருதரம் செஞ்சு காட்டு.”

மீடியம் என்பது செல்கள் மிதக்கிற ஊட்டக் கரைசல். செல்களைக் கீழே படியவிட்டு, மேலே நிற்கிற பழைய கரைசலைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்ற வேண்டும் என்பது சட்டம். பத்மினி பிப்பெட்டை எடுத்தாள். உறிஞ்சினாள். கை சட்டென்று நின்றது. அடியில் கொஞ்சம் மிச்சம். புதிய கரைசலுக்காக அடுத்த குப்பிக்குக் கை போனது.

“நில்லு. அடியில அது என்ன?”

பத்மினி அதை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவளைப் போலப் பார்த்தாள்.

“அது… விட்டுவெக்கிறது சார்.”

“எதுக்கு?”

அவளுக்கே பதில் அந்த நேரத்தில்தான் கிடைத்தது.

“உறைக்கு சார்.”

பலமனேரில் பால் வியாபாரம் இல்லாத வீடு குறைவு. தயிர்ப்பானையை அடிவரை வழித்தெடுத்த பெண் அந்த ஊரில் பிறக்கவில்லை. நாளைக்கு உறை ஊற்ற இன்றைக்கே ஒரு கரண்டி நிற்க வேண்டும். பாவாடை கட்டிய வயதிலிருந்து பத்மினியின் கை அப்படித்தான் பழகியிருந்தது. மூளை எம்.எஸ்ஸி. படித்தது, கை படிக்கவில்லை.

ஜெயச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். துடைத்து மாட்டியபின் சிரிப்பு காணாமற்போயிருந்தது.

“இது லேபா, உங்க வீட்டு உறியா? இந்த வருஷம் நீ செஞ்ச அத்தனை தட்டும் இப்படித்தானா?”

“ஆமா சார்.”

“அப்ப அத்தனையும் குப்பை. தூக்கிப் போடு, பழைய மீடியத்தையும் சேர்த்து. அடுத்த வாரம் சந்திரன் வர்றான். செமினார்ல நீயே எழுந்து சொல்லணும், என் தட்டெல்லாம் கெட்டுப்போனதுன்னு.”

சந்திரன், ஜெயச்சந்திரனின் பழைய அறைத்தோழர். இந்தச் செல்களுக்கு ‘இரு’ என்று சொல்கிற ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அமெரிக்காவில் ஒரு கம்பெனி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த மருந்து இல்லாமல் இந்தச் செல் பிழைக்கவே பிழைக்காது என்பதுதான் இருவரும் சேர்ந்து எழுதுகிற கட்டுரை. மருந்து ஊற்றாத தட்டு செத்தால்தான் கட்டுரை பிழைக்கும்.

ஜெயச்சந்திரன் குரலைத் தழைத்துக்கொண்டார். மண்டியில் பெரிய கிராக்கியிடம் மட்டும் வருகிற குரல்.

“சந்திரன் லேப்ல ஒரு எடம் காலியா இருக்கும்மா. நான் ஒரு வார்த்தை சொன்னா உனக்குத்தான். இந்தச் சின்ன விஷயத்தைப் பெருசாக்காத.”

அவர் போனபின் பத்மினி வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு தன்னுடையது. அதில் வழக்காட ஒன்றுமில்லை. வெட்கம் காதுமடல்வரை சுட்டது. ஆனால் வெட்கம் ஆறியபோது அதன் அடியில் ஒரு கேள்வி மிச்சம் நின்றது: பழைய கரைசலில் ஒரு கரண்டி மிச்சம் வைத்தால் செல்கள் பிழைக்கின்றன. வைக்காவிட்டால் சாகின்றன. அப்படியானால் அந்தக் கரண்டிக்குள் என்ன இருக்கிறது? அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டது அதற்குள் இருக்கிறது. நாம்தான் தினமும் துடைத்து எடுத்து, அவற்றை வாய்பேசாமல் ஆக்கி, பிறகு ‘பார், மருந்து இல்லாமல் செத்துவிட்டது’ என்று எழுதுகிறோம்.

தூக்கிப் போடச் சொன்னதில் அவள் தட்டுகளைத் தூக்கிப் போட்டாள். அதில் குறை சொல்ல முடியாது. பழைய மீடியத்தை மட்டும் மூடிபோட்ட குழாயில் ஊற்றி, துப்பட்டாவுக்குள் இடுக்கிக்கொண்டு, பக்கத்துக் கால்நடைக் கல்லூரிக்கு நடந்தாள்.

அங்கே மாட்டுத் தடுப்பூசிப் பிரிவில் அவளுடைய தோழி ஸ்வீட்டி இருந்தாள். சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழு, மற்ற நாளெல்லாம் வைரஸ். செல் வளர்க்கிற இன்குபேட்டர் அவள் பொறுப்பில் ஒன்று இருந்தது.

“இன்னாடீ இது, கள்ளச்சாராயம் மாதிரி ஒளிச்சிக்கினு வர்ற?”

“உன் பொட்டியில கொஞ்சம் எடம் குடு. கொஞ்சம் உறையும் வெச்சிக்க.”

“விளக்கு வெக்கிற நேரத்துல உறை குடுக்கக் கூடாதுன்னு எங்க தெரு சரோஜாக்கா சொல்லுவாங்க.”

“உங்க வீட்ல அதெல்லாம் பாப்பீங்களா?”

“நாங்க கிறிஸ்தவங்கடீ. விளக்கு வெச்சப்புறமும் குடுப்போம், வாங்குவோம். கொண்டா இப்படி.” ஸ்வீட்டி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “உன் சாருக்குத் தெரிஞ்சா?”

“தெரிஞ்சா அங்க பூட்டுவாரு. இங்க பூட்ட முடியாதில்ல.”

“அதுவும் சரிதான். ஆனா எனக்கு இன்னா கெடைக்கும்?”

“பேர் போடறேன்.”

“பேரு கெடக்குது. பலமனேர் தக்காளி ஒரு கூடை கொண்டாந்து போடு.”

அந்த வாரம் ஸ்வீட்டியின் பொட்டியில் பத்மினி மூன்று தட்டு வைத்தாள். புது எலியின் செல்களை நன்றாகக் கழுவினாள். முதல் தட்டுக்குப் புது மீடியம் மட்டும். இரண்டாவதற்குப் பழைய மீடியம் கலந்து, அதிலும் ஒரு செல்கூடத் தப்பி வராதபடி வடிகட்டி. மூன்றாவதற்கும் அதே பழைய மீடியம்தான், ஆனால் கொதிக்கவைத்து ஆறவைத்தது. இந்தமுறை கையைக் கண்ணால் காவல் காத்தாள். கை மிச்சம் வைக்கப் பார்த்த ஒவ்வொரு தடவையும், ‘இன்னிக்கு வேணாம், சும்மா இரு’ என்று அதை அதட்டினாள்.

முதல் தட்டு நீலம். மூன்றாவது தட்டு நீலம். நடுத்தட்டு பளிச்.

கொதிக்கவைத்தால் சேதி செத்துப்போகிறது. அப்படியானால் சேதி புரதம். யார் பேசியது, எந்தப் புரதம், ஒன்றா பலவா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் பேச்சு நடந்தது என்பது தெரியும்.

செமினாருக்கு முந்தின நாள், பலமனேர் பஸ்ஸில் வீராசாமி வந்து இறங்கினார். ஜெயச்சந்திரன் சந்தை மேட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு அழைத்திருந்தார். தோளில் துண்டு. துண்டில் வைக்கோல் துணுக்கு. முகத்தில் பெரிய பேரத்தை முடித்துவிட்ட களை.

“நைனா! நீ எப்ப வந்த?”

“காலையிலயே. உங்க சாரைப் பாத்து பேசிக்கினு வரேன். நல்ல மனுசன்ம்மே. மண்டிக்காரங்க வீட்டு ரத்தம். துண்டைப் போட்டதும் கையைக் குடுத்தாரு பாரு, நம்ம சந்தைக்காரன் மாதிரியே.”

பத்மினி அவர் தோள்துண்டைப் பார்த்தாள்.

“துண்டு போட்டியா? எதுக்கு?”

“உனுக்குத்தான். அமெரிக்காவுல சம்பளத்தோட எத்தினி வருசம்னு பேசினோம். அவரு மூணுன்னு அமுக்கினாரு. நான் அஞ்சுன்னு அமுக்கினேன். நாலுல மடிச்சிட்டேன். நீ நாளைக்கு எழுந்து ஒரு வார்த்தை சொல்லணுமாமே, தட்டு கெட்டுப்போச்சுன்னு. சொல்லிட்டு வா. தட்டுதானே? வேற தட்டு வாங்கிக்கலாம்.”

“என்னைக் கேக்காம எனுக்கு வெல பேசிட்டு வந்துகீறியா?”

“இன்னா இப்டி கத்தற? உன் கூட படிச்ச பசங்கள்லாம் எங்க கீறாங்க பாரு. எதிர்வீட்டு பவன்குமார் அமெரிக்காவுல கார் வாங்கிட்டான். உன்னை இங்கியே எலிகூட உட்டுட்டு நான் எப்டி தூங்கறது?” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “விரல் மடிச்சிட்டேன்ம்மே. நாளைக்கு நீ மாத்திப் பேசினா என் கைக்கு மதிப்பு இன்னா?”

“உன் கைக்கு மதிப்பு வேணும்னா உன் மாட்டை வெச்சு மடி. நான் போறதா இருந்தா என் கால்ல போறேன். பொய் சொல்லிட்டு போமாட்டேன்.”

வீராசாமி பிடி கொடுக்காத மாட்டை எடைபோடுவதுபோல மகளை மேலும் கீழும் பார்த்தார். அன்று இருவரும் விடுதி வாசல் கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இட்லி தின்றார்கள்.

வெளிநாட்டு விஞ்ஞானி எவரும் திருப்பதிக்குச் செமினாருக்காக மட்டும் வருவதில்லை. மலைமேல் தரிசனம்தான் சாப்பாடு. கீழே செமினார் ஊறுகாய். சந்திரனும் விடிகாலை மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சந்தனத்தலையும் கோட்டுமாக அவரைப் பார்த்தபோது பத்மினிக்குச் சிரிப்பும் பயமும் ஒரே நேரத்தில் வந்தன. லட்டு எல்லாருக்கும் விநியோகமானது. வீராசாமி கடைசி வரிசையில் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, நின்றால்தான் தனக்குக் காது கேட்கும் என்று சொல்லிவிட்டார்.

ஜெயச்சந்திரன் படங்கள் போட்டார். மருந்து ஊற்றிய தட்டில் கூட்டம் கூட்டமாக உயிர். ஊற்றாத தட்டில் மயானம். கைதட்டல். பிறகு சொன்னார்:

“இதுக்கு எதிரா சில தட்டுகள் நம்ம லேப்லயே வந்துது. அது ஏன்னு பத்மினியே சொல்லுவாங்க.”

பத்மினி எழுந்தாள்.

“தப்பு என்னோடது” என்றாள். “ஒவ்வொரு தடவையும் பழைய மீடியத்துல கொஞ்சம் மிச்சம் வெச்சேன். எங்க ஊர்ல தயிருக்கு உறை வெக்கிற பழக்கம். அதை இங்க செஞ்சது தப்பு. ஒத்துக்கறேன்.”

சபையில் சிரிப்பு. ஜெயச்சந்திரன் தலையாட்டினார். உட்காரலாம் என்று கை காட்டினார்.

பத்மினி உட்காரவில்லை.

“ஆனா தட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லமாட்டேன் சார். கெட்டுப்போகல.”

கரும்பலகைக்குப் போய் மூன்று வட்டம் போட்டாள். புதியது, பழையது, கொதித்தது. ஒவ்வொன்றின் உள்ளேயும் என்ன நடந்தது என்று சொன்னாள்.

“இந்த செல்லுங்க சும்மா இருந்தா சாகும்னு எழுதறோம். சும்மா இருக்க நாமதான் உடல. அதுங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கறதை நாம தினமும் தொடைச்சி எடுக்கறோம். சார் மருந்து வேலை செய்யிது, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அது இல்லாம பிழைக்கவே பிழைக்காதுன்னு எழுதினா அது பொய்.”

சந்திரன் சந்தனத்தலையைத் தடவிக்கொண்டார். கெட்டிக்காரர். கோபப்படவில்லை.

“நல்லா இருக்கும்மா. ஆனா ஒரு கேள்வி. என் மருந்தே உன் பிப்பெட்லயோ குப்பியிலயோ ஒட்டிக்கினு வந்து, இந்த உறையில கலந்திருக்கலாம் இல்லையா? அது இல்லைன்னு எப்படிச் சொல்ற?”

ஜெயச்சந்திரன் முகத்தில் நிம்மதி படர்ந்தது. பத்மினி ஒரு கணம் தரையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நைனாவின் சந்தைச் சிரிப்பு வந்திருந்தது. எதிராளி தானே விலையைச் சொல்லிவிட்டபோது வருகிற சிரிப்பு.

“வருஷ ஆரம்பத்துல நான் முதல் தட்டுங்க வெச்சப்ப உங்க மருந்து இந்த ஊருக்கே வரல சார். சென்னை ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரங்க அத்த பிடிச்சு வெச்சிக்கினு, இது எலிக்கா மனுசனுக்கான்னு கேட்டுக்கினு இருந்தாங்க. அது மீனம்பாக்கத்துல ஐஸ்ல தூங்கினப்பவே, இதுங்க இங்க உயிரோட இருந்துது.”

பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறகு சிரிப்பு மொத்தமாகக் கிளம்பியது. சந்திரன்கூடச் சிரித்தார். ஜெயச்சந்திரன் மட்டும் லட்டை உதிர்த்துக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் சந்திரனும் ஜெயச்சந்திரனும் அவளை வராந்தா மூலைக்கு ஒதுக்கினார்கள். வீராசாமியும் டீக் கோப்பையோடு பின்னாலேயே வந்தார்.

“நீ இங்க இருக்க வேண்டியவ இல்ல” என்றார் சந்திரன். “அந்தக் குழாயை எடுத்துக்கினு என் லேபுக்கு வந்துடு. உள்ள என்ன இருக்குன்னு அங்க பிரிச்சுப் பாப்போம்.”

“யார் பேர்ல சார்?”

“லேப் பேர்லதான். உன் பேரும் இருக்கும். நடுவுல எங்கயாவது.”

“அப்ப இந்தக் கட்டுரை?”

“இது போற மாதிரி போகட்டும்” என்றார் ஜெயச்சந்திரன் அவசரமாக. “இன்னிக்கு நீ சொன்னது இந்த ஹாலோட முடிஞ்சுது. வெளிய யாருக்குத் தெரியப்போகுது?”

“அப்ப இதை உள்ள வந்து சொல்லுங்க சார். எல்லாரும் இன்னும் டீ குடிச்சிக்கினுதான் இருக்காங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்திரனுக்கு மனிதர்களைக் கையாளத் தெரியும். மகளை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

“நானும் நம்ம பக்கத்து ஆளுதான் பெரியவரே. நகரி. பொண்ணு கோவத்துல இருக்கு. வாங்க, நம்ம வழக்கப்படியே பேசிடலாம். அஞ்சு வருசம் தர்றேன்.”

சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வீராசாமியின் துண்டை உரிமையோடு எடுத்துத் தன் கைமேல் போட்டு, அடியில் அவர் விரல்களைப் பிடித்துவிட்டார்.

அஞ்சு. நேற்று வீராசாமி கேட்ட முழு விலை. துண்டுக்கு வெளியே அவர் முகம் எந்த வியாபாரத்திலும் காட்டாத குழப்பத்தைக் காட்டியது. விரல் இன்னும் மடங்கவில்லை.

“ம்மே” என்றார். “கை உள்ள கீது. இன்னா சொல்ற?”

“மாட்டுக்கு எதுக்கு நைனா துண்டு போடற?”

“சுத்தி நிக்கறவனுக்கு தெரியக் கூடாதுன்னு.”

“இவங்களும் அதுக்குத்தான் போடறாங்க. நான் கண்டு சொன்னது எல்லாருக்கும் தெரியணும். இது துண்டுக்குள்ள பேசற சரக்கு இல்ல. நானும் மாடு இல்ல.” அவள் குரல் வராந்தாவைத் தாண்டிக் கேட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். “உதறு நைனா.”

“ஏம்மே, நேத்து மடிச்ச விரலு…”

“நேத்து மடிச்சதையும் சேத்து உதறு.”

வீராசாமி சந்திரனின் கையை மெல்ல விலக்கினார். அரங்கின் வாசலுக்கு, எல்லார் கண்ணும் படுகிற இடத்துக்கு நடந்தார். துண்டின் இரு முனையைப் பிடித்து ஓங்கி ஓர் உதறு உதறினார். பலமனேர் வைக்கோலும் சாணித்தூளும் பளபளத்த மொசைக் தரையில் சிதறின. துணுக்கு ஒன்று பறந்து போய்ச் சந்திரனின் சந்தனத்தலையில் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஜெயச்சந்திரனுக்குத் தெரியும். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா, முகம் கறுத்துவிட்டது.

“பேரம் முறிஞ்சுதுங்க” என்றார் வீராசாமி எல்லாருக்கும் பொதுவாக. பிறகு மகளிடம் தணிந்த குரலில், “வருசம் பூரா சந்தையில என்னை சிரிக்கப்போறானுங்க, தெரிமா?”

“சிரிக்கட்டும். நீயும் கூட சேந்து சிரி.”

“அந்த டீ ஆறிப்போச்சு. வேற வாங்கிக் குடு.”

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் இன்குபேட்டருக்குப் பூட்டு விழுந்திருந்தது. பத்மினியின் நாற்காலி வராந்தாவுக்கு வந்திருந்தது. இனிமேல் முதலாண்டு மாணவர்களுக்குத் தவளை அறுத்துக்காட்டுவதுதான் அவளுக்கு வேலை என்று சொன்னார்கள். வேறு வழிகாட்டி தேடிக்கொள்ளலாம் என்றும், கிடைத்தால் சந்தோஷம் என்றும் சொன்னார்கள். பத்மினி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நாற்காலியை வெயில் படாத பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, பக்கத்துக் கல்லூரிக்கு நடந்தாள். நடக்கிறபோதே, எந்தத் துறையில் எந்த வாத்தியாருக்கு ஜெயச்சந்திரனைப் பிடிக்காது என்று யோசித்துக்கொண்டே போனாள். பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

ஸ்வீட்டி ஏற்கெனவே நடுத்தட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் வைத்திருந்தாள்.

“பூட்டிட்டாராமே?”

“பூட்டிட்டாரு.”

“என் தக்காளி?”

“நைனா அடுத்த சந்தைக்கு அனுப்பறேன்னாரு. முன்ன நவுரு, பாக்கலாம்.”

அவள் நீலச் சாயத்தை விட்டு, கண்ணை ஒட்டவைத்தாள். வட்டமான வெளிச்சத்துக்குள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. சாயம் நாலாபுறமும் சூழ்ந்து நின்றது. உள்ளே விடாமல், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, பளிச்சென்று நின்றன.

“இன்னாடீ, செத்துச்சா?” என்றாள் ஸ்வீட்டி.

“சாவறதாவது! எத்தினி லேபைத்தான் பூட்டுவாரு அவரு? கரண்டி கொண்டா. நாலு வீட்டுக்கு உறை எடுத்து வெக்கணும்.”